ஒன்றாம் எண் வார்த்தை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் சேர்மக்கனி. தெற்களத்தில் கங்காணியாக இருந்தவன், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். இரண்டாவதாகக் கெடுதல் செய்தவர்கள், அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துபோன நாற்பத்து மூன்று பேர். அவர்களில் பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். செத்துப்போனதால் அவர்கள் செய்தது குறைந்துவிடவில்லை.

என் பெயர் ஐகோர்ட் துரை. மூன்றாம் வகுப்புவரை படித்தேன். தெற்களம் என்பது ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் உடைமரக் காடுமாக, நடுவில் கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகளாகக் கிடக்கிற இடம். அங்கே எனக்கு எட்டுப் பாத்தியும், அதை ஒட்டி அகலமான மேட்டு நிலமும், ஒரு குடிசையும் இருந்தன. அதோடு நான் மடைக்காவல். கடல் தண்ணீரை உள்ளே விடுவதும், மழை பெய்தால் மழைத் தண்ணீரை வெளியே விரட்டுவதும் என் வேலை.

அந்த வருஷம் சித்திரையில் வரக்கூடாத மழை வந்தது. காலை பத்து மணிக்குக் கிழக்கு மடையின் பலகையைத் தூக்கினேன். பலகை ஊறி இறுகிப்போயிருந்ததால் தூக்கும்போது உள்ளங்கை கிழிந்தது. தண்ணீர் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அரை மைல் தள்ளியிருந்த வடக்கு மடைக்கு ஓடினேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது கிழக்கு மடைமேல் குனிந்திருந்த சேர்மக்கனியின் முதுகைப் பார்த்தேன். எதற்காகக் குனிந்த முதுகு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற தண்ணீர் அவன் மச்சானுடைய பாத்தி வரப்பை அரிக்கிறது என்று அவன் பலகையை மறுபடி இறக்கிவிட்டிருந்தான். மதியம் கிழக்குக் கரை உடைந்தது. அந்தப் பருவத்து உப்பு முழுவதும், கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்த முப்பது அம்பாரக் குவியலும், வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. உப்பளக்காரர் சங்க அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, பழைய தீர்மானப் புத்தகங்கள் எல்லாம் கூழாகிவிட்டன.

மூன்றாம் நாள் சங்கக் கூட்டத்தில் சேர்மக்கனி எழுந்து நின்று சொன்னான்.

"துரை குடிச்சிட்டுக் குடிசையில உறங்கிட்டுக் கெடந்தான். பலகையை அவன் தொடவே இல்ல."

நான் என் உள்ளங்கையைக் காட்டினேன். மழையில் வழுக்கி விழுந்திருப்பான் என்று ஒருவன் சொன்னான். என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள், பாத்தியையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள், நான் துணிமூட்டையோடு மரக்காணம் போய் அங்கே உப்பளத்தில் மூட்டை தூக்கினேன். அங்கேதான் பொன்னுக்கிளியைக் கட்டினேன். பேச்சி பிறந்தாள். பேச்சிக்கு ஒன்பது வயதில் பொன்னுக்கிளி செத்துப்போனாள். கடன்பட்டவன் ஓர் ஊரிலும் கொடுத்தவன் ஓர் ஊரிலும் இருந்தால் கடன் எப்படி வசூலாகும் என்று நினைத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெற்களத்துக்கே திரும்பினேன். நான் விட்டுப்போன நிலத்தில் நாற்பது வீடும் ஒரு கிணறும் ஒரு பள்ளிக்கூடமும் வந்திருந்தன. புதுக்குடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள விட்டார்கள்.

இருபத்தெட்டு வருஷம் கழித்துச் சங்கம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை, எந்த வரப்பு யாருடையது, எந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதையெல்லாம் யோசித்துச் சொல்லும் பெட்டி அது. அதை அமைத்துக் கொடுக்க டவுனிலிருந்து எஸ்தர் என்ற பெண் வந்தாள். சங்கத் தலைவர் வைகுண்டமணி, இது பழைய கணக்குப்பிள்ளையைவிட எந்த வகையில் ஒசத்தி என்று அவளிடம் கேட்டார்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் உண்டு அண்ணாச்சி. ஒருத்தன் யோசிச்சுப் பதில் சொல்லுவான். இன்னொருத்தன் ஒண்ணும் யோசிக்க மாட்டான், எந்தப் பதிலை எதை வச்சுச் சொன்னோம்னு மட்டும் மறக்காம வச்சிருப்பான்."

"யோசிக்காதவனுக்கு எதுக்கு நாங்க கரண்ட் பில் கட்டணும்?"

"யோசிக்கிறவன் தப்புப் பண்ணினா எங்கேருந்து தப்புன்னு மத்தவனாலதான் சொல்ல முடியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ ஒரு கால் இருக்கு. கால் ஒடிஞ்சா வார்த்தை சாஞ்சுரும். செத்துராது, சாஞ்சு கெடக்கும். வேற கால் கிடைச்சா எந்திரிச்சுரும்."

"காலே இல்லாத வார்த்தை?"

"அது தரையில உக்காந்திருக்கும். ஒரு ஆள் சொன்னாரு, நாம ஒப்புக்கிட்டோம், அவ்வளவுதான். சொன்ன ஆளே வந்து திருப்பி எடுத்தா ஒழிய அதை அசைக்க முடியாது."

பழைய தீர்மானங்களைப் பெட்டிக்குள் எழுத என் மகள் பேச்சியை வேலைக்கு வைத்தார்கள், டிப்ளமா படித்திருந்தாள். வெள்ளத்துக்கு முந்தைய புத்தகங்கள் கூழாகிவிட்டதால், வெள்ளத்துக்குப் பிந்தைய முதல் கூட்டத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். அதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கே தாள் இருக்கிறதோ அங்கேதானே தொடங்க முடியும் என்றார்கள். அப்படித்தான் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாம் எண்ணாக, காலில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிற வார்த்தையாக, துரை உறங்கினான், பலகையைத் தொடவில்லை என்பது ஏறியது. என் மகள் தன் பத்து விரலால் அதை எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை.

அடுத்த நாளே நான் போய், துரை பலகையைத் தூக்கினான் என்று என் வார்த்தையையும் எழுதச் சொன்னேன். எழுதியதும் பெட்டி மணி அடித்தது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு வார்த்தை ஒரே நேரத்தில் நிற்க முடியாது, ஒன்று சாய்ந்தாக வேண்டும் என்றாள் எஸ்தர். சேர்மக்கனி தன்னுடையதை எடுக்க மாட்டேன் என்றான். அவன் வார்த்தையின் மேல் மூவாயிரம் வார்த்தை நின்றன, என் வார்த்தையின் மேல் ஒன்றும் இல்லை. ஆகவே என்னுடையது சாய்ந்த எழுத்தாகத் திரையில் படுத்துக்கொண்டது. வீட்டுக்கு நடந்துபோகையில் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் இருபத்தெட்டு வருஷமாக இருந்த தழும்பு இல்லை.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் என்மேல் யாருக்கு நம்பிக்கை இருந்தது. திரையில் சாய்ந்தது வெளியிலும் சாயும் என்பதை ஊர் தெரிந்துகொண்டது வைகுண்டமணியின் அம்பாரத்தில்தான். வடக்குப் பாத்தி தன் தகப்பன் போட்டது என்று அவர் சொல்லி எழுதியிருந்தார். அது வேறு ஒருவர் போட்டது என்று ஒரு பழைய பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, வைகுண்டமணி நேர்மையான மனுஷன், தன் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். திரையில் அந்தப் பக்கம் முழுக்க எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சாய்ந்த அதே நிமிஷம், வெளியே அவருடைய அம்பாரம் கீற்று மூடாப்புக்குக் கீழே தண்ணீராகிவிட்டது. சிந்தவில்லை, வழியவில்லை, அம்பாரம் எந்த உருவத்தில் இருந்ததோ அதே உருவத்தில் தெள்ளத் தெளிவாக நின்றது. வைகுண்டமணி அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"கரிப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்.

சாயங்காலத்துக்குள் அவருடைய அத்தை கட்டைவண்டி ஏறி வந்து, அந்தப் பாத்தி யார் போட்டதாக இருந்தாலும் பஞ்ச வருஷத்தில் அதைத் தோண்டித் திருத்தி விளையவைத்தது தன் அண்ணன்தான், தானே கஞ்சி சுமந்தேன் என்று சொல்லி எழுதவைத்தாள். எழுத்துகள் நிமிர்ந்தன. அம்பாரம் மறுபடி உப்பானது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் உப்பாவதும் உப்பு தண்ணீராவதும் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் பிறந்தோம், வளர்ந்தோம், கல்யாணம் கட்டினோம். இத்தனை நாள் வெயிலும் மழையும் செய்ததை இப்போது ஒரு பெட்டி செய்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஊரிலும் இப்படித்தானா என்று எஸ்தரிடம் கேட்டதற்கு, மற்ற ஊரில் எழுத்து மட்டும்தான் சாயும் என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு ஊர் பேசுகிற விதம் மாறியது. டீக்கடையில் ஒருவன், நாளைக்குக் காற்று திரும்பும் என்றால், "எது மேல நிக்குது?" என்று மூன்று பேர் கேட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறம், படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இந்தச் சம்பந்தத்துக்குக் கால் எத்தனை என்று கேட்டார்கள். ஒற்றைக்கால் கல்யாணம் என்பது வசவாகிவிட்டது. குருவம்மாவும் சீனியம்மாளும் என்ற இரண்டு கிழவிகள் கதை அப்போதுதான் நடந்தது. குருவம்மாவுக்கு என்ன வயது என்றால் சீனியம்மாளைவிட இரண்டு மூப்பு, சீனியம்மாளுக்கு என்ன வயது என்றால் குருவம்மாவைவிட இரண்டு இளமை. அப்படியே எழுதியிருந்தார்கள். ரெண்டு வார்த்தையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது, தரையில் ஒன்றும் ஊன்றவில்லை என்று பெட்டி கண்டுபிடித்து இரண்டையும் சாய்த்தது. பதினொரு நாள் அந்தக் கிழவிகளுக்கு வயதே இல்லாமல் போய், ஒரு நாள் முடி கறுத்தும் ஒரு நாள் நரைத்தும் திரிந்தார்கள். கப்பல் தரைதட்டின வருஷத்தில் குருவம்மா சமைந்தாள் என்பது யாருக்கோ நினைவுக்கு வந்து எழுதினபிறகுதான் முடி நிலைகொண்டது.

"சீக்கிரம் எழுதித் தொலைச்சிட்டாவ" என்று சீனியம்மாள் ஊரெல்லாம் குறைபட்டாள். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா பல்லு மொளைச்சிருக்கும்."

சங்கத்தில் ஒரு பழைய விதி உண்டு. மூன்று உறுப்பினர் காதில் விழுந்தது எதுவோ அது சங்கத்துக்குச் சொன்னதாகும், அதைப் பதிவு செய்யாமல் விடக்கூடாது. முன்பு யாரும் அதை மதித்ததில்லை. இப்போது மூன்று பேர் கூடினால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்தேகமானதை எல்லாம் இரண்டு பேராக நின்றுதான் பேசினார்கள். நான் இதைச் சொல்லாமல் எழுதுவதும் அதனால்தான்.

உப்பும் நரையும் சாய்ந்தவரைக்கும் ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. அமலதாசின் மகள் ஸ்டெல்லா சாய்ந்தபோது சிரிப்பு நின்றது. அமலதாசின் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, செத்துவிட்டான் என்று முடிவாகி, அவன் மனைவி லூர்தம்மாளை அமலதாசுக்குக் கட்டிவைத்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைதான் ஸ்டெல்லா, நாலு வயது. ஒரு நாள் அண்ணன்காரன் கொச்சியிலிருந்து போன் செய்தான். பதிவானது. செத்தான் என்ற வார்த்தை சாய, அதன்மேல் நின்ற கல்யாணம் சாய, அதன்மேல் நின்ற பிள்ளை, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே இல்லாமல் போனாள். யாரும் அழவில்லை, ஏனென்றால் அழுவதற்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதும் சாய்ந்துவிட்டது. லூர்தம்மாள் இரண்டு நாள் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், எதற்காக ஆட்டுகிறாய் என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். சின்னத் தட்டு ஒன்றைக் கழுவி வைத்துவிட்டு, இது யாருடைய தட்டு என்று பக்கத்து வீட்டில் கேட்டாள்.

பேச்சிதான் பெட்டிக்குள் சாய்ந்த எழுத்தாகக் கிடந்த அந்தப் பெயரைக் கண்டாள். அவளும் அந்தப் பிள்ளையை மறந்துதான் இருந்தாள், ஆனால் நாலு வயது என்று எழுதியிருந்ததைப் பார்த்து எழுந்து ஓடினாள். அமலதாசின் அண்ணனை வரவழைத்துப் பேசவைத்தாள். நான் கடலுக்குப் போவதற்கு முன்பே இவளை விட்டுவிட்டேன், கோயிலில் வைத்துத் தீர்த்துக்கொண்டோம், திரும்பிவர நினைத்ததும் இல்லை என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அது உண்மைதான் என்று பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்தார். கல்யாணத்துக்கு வேறு கால் கிடைத்தது. ஸ்டெல்லா போன இடத்திலேயே வந்து நின்று, பாக்கி முறுக்கைக் கேட்டாள். அப்போதுதான் போயிருந்தது யார் என்று எங்களுக்கு நினைவு வந்தது.

அதற்குப் பிறகுதான் ஊர் ஒன்றாம் எண்ணைப் பற்றி யோசித்தது. யோசித்துப் பயந்தது. துரை உறங்கினான், ஆகவே நீக்கப்பட்டான், ஆகவே நிலம் சங்கத்துக்கு வந்தது, ஆகவே புதுக்குடி, ஆகவே கிணறு, ஆகவே பள்ளிக்கூடம், ஆகவே அங்கே குடிவந்தவர்களுக்குள் நடந்த கல்யாணங்கள், ஆகவே பிள்ளைகள். ஆட்களில் மட்டும் நூற்றுப் பதினெட்டுப் பேர் அந்த ஒரு வார்த்தையின் மேல் நின்றார்கள் என்று பேச்சி எடுத்துச் சொன்னாள். தெற்களத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பொய்யின் மேல்தான் விழ வேண்டும் என்ற நிலைமை. என்னைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், சேர்மக்கனிக்கு இளநீர் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவனுக்கு இருமல் வந்தால் புதுக்குடியில் நாற்பது வீட்டிலும் கதவு திறந்தது.

சேர்மக்கனிக்கு எழுபத்தொன்பது வயதாகி, கால் வீங்கி, சாவு கிட்டத்தில் வந்துவிட்டது என்று தோன்றிவிட்டது. அவன் வைகுண்டமணியைக் கூப்பிட்டுவிட்டான்.

"போறதுக்கு முன்ன அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துரலாம்னு இருக்கேன்."

"ஊரையே கூட எடுத்துட்டுப் போகப் போறீரா?" என்று வைகுண்டமணி தலையில் அடித்துக்கொண்டாராம். "முப்பது வருசம் வராத புத்தி இன்னும் ரெண்டு பருவம் பொறுத்து வரட்டும்வே."

அப்படி இரண்டு பருவம் தவணை வாங்கி, ஊரே சேர்ந்து தனக்குத்தானே மறு கால் தேடியது. அளத்தில் வேலை முடிந்ததும் வீடுவீடாக உட்கார்ந்து தேடினார்கள். புதுக்குடியில் பார்த்துப் பழகிக் கட்டினவர்கள், அதற்கு முன்பே திருச்செந்தூர் திருவிழாவில் ஒருத்தரையொருத்தர் பார்த்திருந்ததை நினைவு கூட்டினார்கள். சிலர் நாற்பது வயதில் மனைவியிடம், எது எப்படிப் போயிருந்தாலும் உன்னைத்தான் கட்டியிருப்பேன் என்று இரண்டு சாட்சி வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல நாக்கு வராமல் ஒருவன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான், கடைசியில் சொன்னான். வீடுகளுக்கும் கிணற்றுக்கும் கால் என்னிடம்தான் இருந்தது. வைகுண்டமணி என் குடிசைக்கு வந்து நின்றார்.

"அந்த நிலத்தை நீரா மனசாரக் கொடுத்ததா ஒரு வார்த்தை தரணும், துரை."

நான் இரண்டு நாள் யோசித்தேன். அது என் தகப்பன் உடைமரத்தை வெட்டித் திருத்தின நிலம். கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மனசார என்பதை எழுத வேண்டாம் என்றேன். சேர்மக்கனி எழுந்து நின்று சொல்லுவதைக் கேட்பதற்கு அந்த நிலம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கார்த்திகை மாதம், வேலை இல்லாத நாளாகப் பார்த்து, பகல் பதினோரு மணிக்கு, சங்கத்தின் முன்னால் தகரப் பந்தலில் கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு அவன் சொன்னதைக் கேட்ட நாற்பத்து மூன்று பேரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். செத்த பதினெட்டுப் பேருக்கு அவரவர் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். சேர்மக்கனியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நான் சலவை வேட்டி கட்டியிருந்தேன். மரக்காணத்துக்கு மூட்டையோடு போன நாளிலிருந்து இந்த ஒரு நாளைத்தான் நான் மனதில் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் எல்லாம் இப்படியே இருந்தது, பந்தல் மட்டும் ஓலையாக இருந்தது.

வார்த்தையை எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருவர் பெயரையும் அவர்களுடைய மறு காலையும் வாசித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்து, பேச்சி வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஆள் எழுந்து, நிற்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். நான் மடைக்காவல்காரன், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிப் பழகினவன். என்னை அறியாமல் எண்ணிக்கொண்டே வந்தேன்.

"முடிஞ்சுது" என்றாள் பேச்சி.

"நூத்துப் பதினேழுதான வாசிச்ச?"

"சரியாத்தான்ப்பா வாசிச்சேன்."

"நூத்துப் பதினெட்டுன்னு நீதான சொன்ன?"

"ஒண்ணு கெடக்கட்டும். ஒண்ணுதான."

வைகுண்டமணி தகரத்தைப் பார்த்தார். எஸ்தர் தரையைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கும் தன் பிள்ளையின் பெயர் தெரியும். பேச்சியம்மாள் என்று நின்றது. அதன் கீழே ஒற்றைக் கால், துரை பொன்னுக்கிளியைக் கட்டினான். அதன் கீழே ஒற்றைக் கால், துரை மரக்காணம் போனான். அதன் கீழே, துரை நீக்கப்பட்டான். அதற்கும் கீழே தரையில் அது உட்கார்ந்திருந்தது.

"இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"எழுதின அன்னைக்கே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுருவிய. ஒங்களுக்கு அது வேணும்லா. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து சோத்துல கை வைக்கதுக்கு முன்ன அந்தப் பலகை கதைதான். அம்மா சாகக் கெடக்கும்போதும் அவகிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திய. வாங்கிக்கோங்கப்பா. நான் சாஞ்சுதான கெடப்பேன், அழிய மாட்டேன்லா."

அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னது உண்மை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஸ்டெல்லா பேரைப் பெட்டியில பாத்து ஓடினவ நீ. ஒன் பேரைப் பாத்து யாரு ஓடுவா?" என்றேன்.

அவள் விசைப்பலகையில் படிந்திருந்த உப்புத்தூளை முந்தானையால் துடைத்தாள்.

வைகுண்டமணி என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "இதுல என்ன இருக்கு துரை. ஒரு வார்த்தை சொல்லும். நீக்கினாலும் நீக்காட்டாலும் மரக்காணம் போறதாத்தான் இருந்தேன்னு சொல்லும். பெட்டி என்ன உம்மகிட்ட பஸ் டிக்கெட்டா கேக்கப் போகுது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் சொல்லும், சொல்லும் என்றார்கள். அன்றைக்கு ஒன்றும் கேட்காதவர்கள் இன்றைக்கும் ஒன்றும் கேட்காமலிருக்கத் தயாராக இருந்தார்கள். நான் ஒரு நாளும் அந்த இடத்தைவிட்டுப் போக நினைத்தவன் இல்லை. மடைமேல் நின்றால் எனக்குக் கடலும் அளமும் போதும், வேறு ஊர் இருக்கிறது என்பதே தெரியாது. இதை மாற்றிச் சொன்னால், நடக்காததை எழுந்து நின்று நாற்பத்து மூன்று பேர் கேட்கும்படி சொன்னவர்கள் தெற்களத்தில் இரண்டு பேராகிவிடுவார்கள். என் மகள் அவன் பொய்யின் மேல் நிற்பது அவன் செய்த கெடுதல், என் பொய்யின் மேல் நின்றால் அது நான் செய்த கெடுதல். சொல்ல முடியாது என்றேன்.

"அப்ப இப்படிச் செய்வோம்" என்றார் வைகுண்டமணி. "ஒரு மணி நேரத்துக்கு எடுக்கட்டும். எல்லாரும் கேட்டுக்கிடுதோம், ஒம்ம மனசு ஆறட்டும். பொறவு அவரே திருப்பிச் சொல்லிரட்டும். பேச்சி வந்துருவா."

திருப்பிச் சொல்வதென்றால், துரை உறங்கினான் என்று சேர்மக்கனி மறுபடி எழுந்து நின்று சொல்ல வேண்டும், நான் மறுபடி உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டதைச் சுமந்து முப்பத்தொரு வருஷம் நடந்திருக்கிறேன். அதையாவது பிள்ளைக்காகச் செய்திருப்பேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாதே. வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருப்பேன், திருப்பிச் சொல் என்று எவன் வந்தாலும் அடிக்கப் போவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதற்குள் சேர்மக்கனி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை, எனக்கு அவனைத் தெரியும்.

"துரை, சொல்லட்டா?"

வாயைத் திறந்தான். அந்த வார்த்தை அவன் நாக்கில் இருந்தது. நான் பார்த்தேன், எனக்கு வரவேண்டியது, இரண்டு முழ தூரத்தில் இருந்தது. பேச்சி விசைப்பலகைமேல் விரலை வைத்து, என்னைப் பார்க்காமல், எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் பின்கழுத்தில் பொன்னுக்கிளிக்கு இருந்த அதே மச்சம் இருந்தது.

"வாயை மூடும்வே" என்றேன். "உக்காரும்."

அவன் உட்கார்ந்தான். உட்காரும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பாரம் இறங்கின மாட்டுக்கு வருமே அந்த மாதிரி. அந்த நிம்மதிக்காகவும் எனக்கு அவன்மேல் கோபம் உண்டு, அதைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதேயும்" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னேன். "வாங்க முடியாம நிக்கேன், அவ்வளவுதான். கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான்."

கூட்டம் கலைந்தது. நூற்றுப் பதினேழு பேரும் இரண்டு காலில் வீட்டுக்குப் போனார்கள். பேச்சி என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு வைத்துவிட்டு, "எனக்காக விட்டேன்னு மட்டும் சொல்லாதிய" என்றாள். நான் விடவில்லை என்றேன்.

ஊரில் இப்போது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ஒருவராக வருகிறார்கள், மூன்று பேராக வருவதில்லை. குடிசை வாசலில் நின்றுகொண்டு, துரை, நீர் உறங்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும் என்று மெல்லச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்கள். நான் அவர்களுக்கு மோர்கூடக் கொடுப்பதில்லை. சேர்மக்கனி பிழைத்துக்கொண்டான், கால் வீக்கம் வடிந்து, கம்பை ஊன்றி என் வாசல் வழியாகத்தான் டீக்கடைக்குப் போகிறான். வாசலில் வந்ததும் நின்று பார்ப்பான். இப்போதா என்று கேட்கிற பார்வை அது. பேச்சி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

அவன் எனக்கு ஒரு வார்த்தை தரவேண்டும். எழுந்து நின்று, பகலில், நாற்பத்து மூன்று பேர் கேட்கத் தரவேண்டும். இன்று தேதிவரை வந்து சேரவில்லை.